இரண்டு கையிலும் உலோகம்: பழைய லாப் ஸ்டீலுக்கு ஓர் ஆம்ப் தேடியது

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சுவர் சாக்கெட்டின் எர்த்திலும், சிவப்பு முனையை ஆம்ப்ளிஃபையரின் சேசிஸிலும் (உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டம்) வைத்தேன். 119 வோல்ட் காட்டியது. பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினேன். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. மறுபடி திருப்பினேன், மறுபடி 119. கிட்டாரை அதில் இன்னும் சொருகவில்லை. சொருகியிருந்தால் அந்த 119 வோல்ட் கேபிள் வழியாகக் கிட்டாரின் ஜாக்குக்கும், ஜாக்கிலிருந்து பிரிட்ஜுக்கும், பிரிட்ஜிலிருந்து ஆறு கம்பிகளுக்கும் வந்து நின்றிருக்கும். கராஜின் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம் இர்விங். பிப்ரவரியில் ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்ற எஸ்டேட் சேலில் இந்த லாப் ஸ்டீல் கிடைத்தது. மடியில் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கிற கிட்டார். நம்மூரில் ஹவாயன் கிட்டார் என்போம். மஞ்சள் முத்துச்சிப்பி போல மினுங்கும் பிளாஸ்டிக் உறை போர்த்திய ஃபெண்டர் சாம்பியன். கன்ட்ரோல் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 304241 என்று குத்தியிருந்தது. 304 என்றால் ஸ்டாக்போல் என்ற உதிரிபாக நிறுவனம், 2 என்றால் 1952, 41 என்றால் அந்த ஆண்டின் 41ஆவது வாரம். சாம்பியன் மாடல் 1949 முதல் 1955 வரைதான் செய்யப்பட்டது, அதனால் அந்த 2 வேறெந்தப் பத்தாண்டின் 2 ஆகவும் இருக்க முடியாது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் மின்தடை 7.3 கிலோ ஓம். எழுபது வருடம் தாண்டியும் சுருள் அறுந்துபோகவில்லை. டெலிகாஸ்டர் கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப் இந்தச் சாம்பியன் மாடலின் பிக்கப்பிலிருந்துதான் வளர்ந்தது.

அதோடு சேர்த்துக் கொடுத்ததுதான் அந்தச் சின்ன ஆம்ப். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து படம் எடுத்துக் கும்பகோணத்தில் இருக்கும் மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இரண்டே நிமிடத்தில் போன் வந்தது.

"மாப்ள, வால்வு மேல என்ன நம்பர் போட்ருக்கு, படிச்சுச் சொல்லு."

"50சி5, 35டபிள்யூ4, 12ஏயூ6, மாமா."

"முன்னாடி இருக்கற நம்பரக் கூட்டிப் பாரு. அம்பது, முப்பத்தஞ்சு, பன்னெண்டு. தொண்ணூத்தேழு. உன் ஊர் கரண்ட் நூத்தி இருவது. மிச்சத்துக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும் பாரு. மூணு வால்வோட ஃபிலமென்ட்டையும் வரிசையா கோத்து நேரா லைன்ல போட்ருக்கான். டிரான்ஸ்ஃபார்மரே கெடையாது. நம்மூர் ஏசி-டிசி செட்டேதான் இது. ரேடியோன்னா பரவால்ல, மரப்பெட்டி, பேக்லைட் குமிழு, சேசிஸ யாரும் தொட மாட்டாங்க. நீ கம்பியத் தொட்டுக்கிட்டுல்ல உக்காந்திருப்ப?"

ஸ்டீல் கிட்டாருக்கு ஆம்ப் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எத்தனை வாட், எந்த ஸ்பீக்கர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சாதாரணக் கிட்டார் வாசிப்பவர் பிளாஸ்டிக் பிக்கைப் பிடித்திருப்பார். ஸ்டீல் வாசிப்பவருக்கு இடது கையில் கால் கிலோ எடையுள்ள இரும்புக் கட்டை, வலது கை விரல்களில் உலோக பிக்குகள். இரண்டு கைக்கும் கம்பிக்கும் நடுவில் மறைப்பாக எதுவுமே இல்லை. சேசிஸில் லைன் கரண்ட் நின்றால், எர்த் ஆன ஒரு மைக்கில் உதடு பட்டாலோ, ஈரத் தரையில் கால் பட்டாலோ போதும். அந்த ஆம்பின் பிளக்கை அன்றே வெட்டி எடுத்தேன், வீட்டில் வேறு யாரும் தெரியாமல் சொருகிவிடக் கூடாது என்று. லைன் கரண்டிலிருந்து ஆம்பைப் பிரித்து வைக்கும் ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை உள்ளே பொருத்தி, மூன்று கால் பிளக் மாட்டினால் அது பாதுகாப்பாக வேலை செய்யும் என்று மாமா சொன்னார். இப்போதைக்கு அலமாரியில் இருக்கிறது.

இந்த வாத்தியத்துக்கும் ஆம்புக்கும் இருக்கும் உறவு சாதாரணமானதல்ல. எலக்ட்ரிக் கிட்டார் என்று கடைக்கு வந்து விற்ற முதல் வாத்தியங்களில் ஒன்று லாப் ஸ்டீல்தான்: 1932இல் ஜார்ஜ் போஷாம்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் கொண்டுவந்த, வாணலி போல இருக்கும் வார்ப்பு அலுமினியக் கிட்டார். ஹவாய் இசை அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய காலம் அது. கட்டையால் கம்பியை இழைக்கும் முறையை 1880களின் கடைசியில் ஹவாயில் ஜோசப் கெகுகு உருவாக்கினார் என்பார்கள். அரங்கத்தில் பித்தளை வாத்தியங்களோடு போட்டி போட அந்த மெல்லிய சத்தம் போதவில்லை; அதற்காகத்தான் பிக்கப்பும் ஆம்பும். லியோ ஃபெண்டர் 1945இல் டாக் காஃப்மனோடு சேர்ந்து விற்க ஆரம்பித்ததும் லாப் ஸ்டீலும் அதற்கான ஆம்பும்தான். என் சாம்பியனோடு அந்த நாளில் ஜோடியாகப் போன ஆம்பின் பெயர் சாம்பியன் 600. 6 அங்குல ஸ்பீக்கர் வைத்த சின்னப் பெட்டி, கற்றுக்கொள்கிறவர்களுக்காக. இன்று நாம் கிட்டார் ஆம்ப் என்று கும்பிடும் பழைய பெட்டிகள் பலவும் ஸ்டீல் வாசிப்பவரை மனத்தில் வைத்துப் பிறந்தவை. அதனால் இந்தத் தேடல் எளிதாக முடியும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது.

முதலில் சோதிக்கும் முறை ஒன்றை வகுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆம்பிலும் அதே நான்கு காரியங்கள். ஒன்று, மேல் இ கம்பியை 12ஆவது கோட்டில் ஒரே தட்டில் தட்டி, கட்டையை லேசாக அதிரவைத்து, நாதம் அணையும்வரை எண்ணுவது. இரண்டு, இரண்டு கம்பிகளைச் சேர்த்து 5இலிருந்து 12க்கு மெதுவாக இழைப்பது. மூன்று, நடு நான்கு கம்பிகளையும் ஒன்றாகத் தட்டி அப்படியே விடுவது. நான்கு, எதையும் வாசிக்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது. இந்த நாலாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீல் கிட்டாரில் நாதம் தேய்ந்து தேய்ந்து போகும் கடைசி மூன்று விநாடிதான் உயிர். சித்திர வீணை கேட்டவர்களுக்கு இது புரியும். கட்டை ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப்போய் நின்ற பிறகு, காதோடு மட்டும் மிஞ்சுகிற அந்த இழை. ஆம்ப் ஹம் அடித்தால் அந்த இழை அதில் முங்கிப் போகும்.

கம்பிகளை சி6 சுருதியில் வைத்திருக்கிறேன். கீழிருந்து மேலே சி, இ, ஜி, ஏ, சி, இ. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோன ஆம்ப் 120 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். என் அடிக்கம்பியின் சி 130.8 ஹெர்ட்ஸ். அதாவது ஹம் நிற்கும் இடம் ஆதார சுருதிக்கு ஒன்றரை அரைச்சுரம் கீழே, எந்தச் சுரத்திலும் சேராத இடத்தில். தம்பூரா தப்பாய்ச் சுருதி சேர்ந்தது போல ஓயாமல் உறுத்தும். வேறொரு வாத்தியக்காரர் பொறுத்துக்கொள்ளும் ஹம்மை ஸ்டீல்காரரால் பொறுக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

முதல் சோதனைக்கு வந்தது, அலுவலக நண்பர் சால்டர் செய்து கட்டிய 5எஃப்1 கிட். ஐம்பதுகளின் ஃபெண்டர் சாம்ப் சர்க்யூட் அது: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, ஒரு 5ஒய்3 ரெக்டிஃபையர், 8 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 வாட். ஒரே ஒரு குமிழ், அதுவும் வால்யூம். டோன் கன்ட்ரோலே கிடையாது. ஒற்றைக் கம்பியை வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. நாதம் 11 விநாடி நின்றது. முனையெல்லாம் வட்டமாய், குரல் போல. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு நாலு கம்பியைச் சேர்த்துத் தட்டினேன். அடியில் ஒரு உறுமல் கிளம்பியது. நாண் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், கார்ட்) கலங்கித் தெரிந்தது, சேற்றுத் தண்ணீரில் முகம் பார்ப்பது போல.

வால்யூமைக் குறைத்தால் உறுமல் போகிறது, கூட்டினால் வருகிறது. இரண்டு நாள் யோசித்த பிறகு காகிதத்தில் எண்களை எழுதிப் பார்த்தேன். சி6 நாணில் ஜியும் ஏயும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜி 196 ஹெர்ட்ஸ், ஏ 220. எந்த ஆம்பும் தன் எல்லையைத் தொட்டு நெளியும்போது, உள்ளே வந்த இரண்டு சுரங்களின் வித்தியாசத்தையும் கூட்டுத்தொகையையும் புதிதாகப் பெற்றெடுக்கும். வித்தியாசம் 24 ஹெர்ட்ஸ். அந்த உறுமலுக்கு வேர் அது. கூட்டினால் 416 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட ஜி-ஷார்ப். சி நாணுக்குள் கூப்பிடாமல் வந்து உட்காரும் ஜி-ஷார்ப். யார் வாசித்தாலும் காது கூசும்.

ஒற்றை 6வி6 வைத்த ஆம்பில் இந்த வகை நெளிவு அதிகம். இரண்டு 6வி6களை எதிரெதிராக, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும்படி புஷ்-புல்லில் பூட்டினால், அந்த வகை நெளிவின் பெரும்பகுதி வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ராக், ப்ளூஸ் வாசிப்பவர்கள் ஓப்பன் இ, ஓப்பன் ஏ சுருதிகளில் சின்ன ஆம்பை முறுக்கி வைத்து வாசித்தால் அழகாக இருப்பதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. அந்தச் சுருதிகளில் கம்பிகளெல்லாம் ஒரே மேஜர் நாணைச் சேர்ந்தவை, ஒட்டி நிற்கும் ஜோடி இல்லை; பிறக்கும் வித்தியாசச் சுரங்களும் பெரும்பாலும் அதே நாணுக்குள் விழுகின்றன. ஆகவே 'ஸ்டீலுக்கு எந்த ஆம்ப் நல்லது' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் சுருதி என்ன என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

அடுத்தது பீவி நாஷ்வில் 400. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் நாற்பது வருடமாகப் பெடல் ஸ்டீல் (காலால் பெடலை மிதித்துச் சுருதி மாற்றும் ஸ்டீல் கிட்டார்) வாசிக்கிறவர். ஒரு சனிக்கிழமை காலை, "இங்கேயே வந்து வாசித்துப் பாரு" என்று அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். டிரான்சிஸ்டர் ஆம்ப், 210 வாட், 15 அங்குல பிளாக் விடோ ஸ்பீக்கர். பெடல் ஸ்டீல்காரர்கள் இதை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று அரை மணியில் புரிந்தது. எப்படித் தட்டினாலும் நாண் கலையவே இல்லை. இரண்டாவது, நடு அலைவரிசையை எங்கே குறைப்பது என்று தேர்ந்துகொள்ள ஒரு தனிக் குமிழ் இருக்கிறது. பெரியவர் அதை 800 ஹெர்ட்ஸ் பக்கம் திருப்பி நன்றாக இறக்கி வைத்திருந்தார். உலோகக் கட்டை, உலோக பிக், உலோகக் கம்பி மூன்றும் சேரும்போது எழும் தகரச் சத்தம் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறது. அவர் குமிழைத் திருப்பிக் காட்டினார். தகரம் விலகி உள்ளிருந்து மரம் தெரிந்தது.

ஆனால் என் சாம்பியனை அதில் கேட்டபோது ஒரு வருத்தம். எல்லாம் சுத்தம், எல்லாம் சரி, ஆனால் பிக்கப்பின் தழுதழுப்பு எங்கோ போய்விட்டது. பெடல் ஸ்டீலில் பத்துக் கம்பி, நீண்ட ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), காலில் வால்யூம் பெடல். அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. என்னுடையது ஆறு கம்பி, 22.5 அங்குல ஸ்கேல். சட்டை தொளதொளத்தது. மேலும் எனக்கு வேண்டிய சத்தம் வீட்டு அறைக்கும், மாதம் ஒரு முறை நண்பர்கள் கூடும் ஒரு ஹாலுக்கும்தான். கணக்கும் போட்டுப் பார்த்தேன். 5 வாட்டிலிருந்து 22 வாட்டுக்குப் போனால் காதுக்குக் கிடைப்பது ஆறரை டெசிபல். 22இலிருந்து 210க்குப் போனால் கூடுதலாகப் பத்து டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பத்து எனக்குத் தேவைப்படவில்லை.

ஆக வேண்டியது இது: புஷ்-புல், இரண்டு 6வி6, 12 அங்குல ஸ்பீக்கர், டிரெபிளும் பேஸும் தனித்தனிக் குமிழ், முடிந்தால் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப். இந்த வர்ணனைக்கு அப்படியே பொருந்துகிற பெட்டி ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப். மே மாதம், எழுபதுகளில் செய்த வெள்ளி முகப்புப் பெட்டி ஒன்று, ஒரு தேவாலய வாத்தியக்காரரிடமிருந்து கிடைத்தது. 'வேலை செய்கிறது, கொஞ்சம் ஹம் உண்டு' என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தைத் திருப்பினேன். பிளக்கின் எர்த் காலை யாரோ எப்போதோ வெட்டி எறிந்திருந்தார்கள். ஃப்யூஸ் கூட்டில், பின்னால் அச்சடித்ததைவிடப் பெரிய ஃப்யூஸ். ஒரு ஆம்பின் கடந்த கால வாழ்க்கையை அறிய இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது போன்ற வால்வு ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கி நிற்கும். மாமாவின் கட்டளைப்படி, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு முதலை கிளிப்புகளுக்கு நடுவில் கட்டி வைத்துக்கொண்டேன். ஒரு முனை சேசிஸில், மறுமுனை கெப்பாசிட்டரில்; மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். இடது கை பாக்கெட்டில். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டக் கூடாது; வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இவற்றில் பழக்கமில்லாதவர்கள் வெளியிலிருந்து குமிழைத் திருப்புவதோடு நிறுத்திக்கொண்டு, மீதியைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

முதல் வேலை மூன்று கால் கேபிள். பச்சை வயரைச் சேசிஸில் தனி போல்ட்டும் பல் வாஷரும் போட்டு முறுக்கினேன். கிரவுண்ட் ஸ்விட்சிலிருந்து சேசிஸுக்குப் போகும் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்தேன். அது ஷார்ட் ஆனால் லைன் கரண்ட் நேராகச் சேசிஸுக்கு வந்துவிடும். பிறகு கிட்டாரைச் சொருகி, கம்பிக்கும் சுவர் எர்த்துக்கும் நடுவில் ஓம் மீட்டர் வைத்தேன். அரை ஓம். வோல்ட்டேஜ் பூஜ்ஜியம். அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டீல் கட்டையைக் கையில் எடுத்தேன்.

ஹம் கேட்டதும் அது 120 என்று தெரிந்தது, அடிக்கம்பியோடு சேராமல் முரண்டியது. சேசிஸின் மேல்பக்கம் ஒரு தகர மூடி, அதற்குள் ஐந்து கெப்பாசிட்டர்கள், 16 மைக்ரோஃபாரட் வீதம். மூன்றின் முனையில் ரப்பர் வெடித்து, உள்ளே இருந்த மருந்து வெள்ளைப் பூவாகக் கக்கியிருந்தது. ஐந்தையும் மாற்றினேன். பயஸ் (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுக்குள் வைக்கும் வோல்ட்டேஜ்) கெப்பாசிட்டரையும் கையோடு மாற்றினேன், அது போனால் 6வி6கள் சிவந்து எரிந்துபோகும். முதல் தடவை ஆன் செய்யும்போது மாமா சொன்ன சீரிஸ் போர்டு: லைனில் ஒரு 60 வாட் குண்டு பல்ப். ஷார்ட் இருந்தால் பல்ப் முழுசாய் எரியும். எரிந்து, மங்கி, மங்கலாகவே நின்றது. நல்ல சகுனம்.

பிறகு பயஸ். ஒவ்வொரு 6வி6இன் கேத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு மில்லிவோல்ட்டில் அளந்தால் அதுவே மில்லிஆம்பியர். பிளேட்டில் 415 வோல்ட், ஒவ்வொரு வால்விலும் 20 மில்லிஆம்பியர் வரும்படி வைத்தேன். பெருக்கினால் 8.3 வாட். 12 வாட் தாங்கும் வால்வுக்கு அது எழுபது சதவீதம். நாண் நெளிய ஆரம்பிப்பதற்கு முன் நிறைய இடம் கிடைக்கிறது, வால்வும் நிம்மதியாக இருக்கும்.

ஹம் போய்விட்டது. அது போனதும் அதுவரை அதன் நிழலில் ஒளிந்திருந்த இன்னொன்று வெளியே வந்தது: எண்ணெயில் கடுகு பொரிவது போல, விட்டு விட்டு. வாசிக்கும்போது தெரியாது. நாதம் தேயும் கடைசி மூன்று விநாடியில் சரியாக வந்து பொரியும். வால்வுகளை, பின்பக்கத்திலிருந்து பார்க்க வலமிருந்து இடமாக, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. இரண்டாவது வால்வைக் கழற்றினால் மட்டும் நின்றது, புது வால்வு போட்டால் திரும்பி வந்தது. ஆக வால்வில் இல்லை, அதன் கூடு பக்கத்தில்தான். மூங்கில் சாப்ஸ்டிக் ஒன்றால் அந்தப் பக்கத்து உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒரு 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டரைத் தொட்டதும் ஸ்பீக்கரில் சடசடவென்று கொட்டியது. பழுப்பு உருளை, கார்பன் வகை, ஐம்பது வருடம் சூட்டில் கிடந்தது. அதையும் பக்கத்தில் இருந்த ஜோடியையும் மெட்டல் ஃபிலிம் வகைக்கு மாற்றினேன். இரண்டு ரெசிஸ்டரும் சேர்த்து ஒரு டாலர்கூட ஆகவில்லை. அன்று ராத்திரி ஒன்றரை மணிவரை எதையும் வாசிக்காமல் அந்த நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மீதி ஒரு குறை. ரிவெர்ப் இருக்கும் சேனலில் மேல் இ கம்பி ஊசியாய்க் குத்தியது. டிரெபிளை இறக்கினால் கம்பளி போர்த்தியது போல எல்லாமே மந்தமாகிறது. சர்க்யூட் படத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. அந்த சேனலின் வால்யூம் கன்ட்ரோலுக்குக் குறுக்கே 47 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. வால்யூமைக் குறைவாக வைக்கும்போதும் கிட்டாரின் பளபளப்பு மங்காமல் இருக்கட்டும் என்று போட்டது. விரல் நுனியால் வாசிக்கிறவருக்கு அது நல்லதுதான். உலோக பிக் மாட்டிய ஸ்டீலுக்கு அது வேண்டாம். ரிவெர்ப் இல்லாத நார்மல் சேனலில் அது இல்லை, அங்கே சத்தம் பட்டு போல இருந்தது. ஆனால் எனக்கு ரிவெர்ப் வேண்டும். அந்தக் கெப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து கழற்றி, ஸ்லீவ் போட்டு மடக்கி வைத்தேன். பிற்காலத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பழைய பெட்டியில் செய்யும் எதையும் திருப்பிச் செய்ய வழி வைத்துச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

டீலக்ஸ் ரிவெர்பில் நடு அலைவரிசைக்குக் குமிழ் கிடையாது, உள்ளே 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. ஃபெண்டர் டோன் சர்க்யூட்டின் இயல்பே நடுவில் சிறு பள்ளம் விழுவது. பீவியில் பெரியவர் குமிழைத் திருப்பித் தேடிய காரியத்தின் பாதியை இது தானாகவே செய்துவிடுகிறது. 800இல் இல்லை, அதற்குக் கீழே. இருந்தாலும் என் சாம்பியனுக்கு அது இதமாக இருக்கிறது. மீதிப் பாதியைக் கிட்டாரின் டோன் குமிழைக் கால்வாசி திருப்பிச் சரிசெய்கிறேன். அந்தக் குமிழ் விரலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், தட்டிய பிறகு திருப்பிக் குரல் விரிவது போலவும் வாசிக்கலாம். பழைய ஹவாய்க்காரர்கள் நன்றாகச் செய்வார்கள். எனக்கு இன்னும் பத்துக்கு நாலு தடவைதான் சரியாக விழுகிறது.

ஆம்பை வைக்கும் இடமும் ஆம்பைத் தேர்ந்தெடுப்பதில் சேர்ந்ததுதான். உட்கார்ந்து வாசிக்கிறோம், காது தாழ்வாக இருக்கிறது. பெட்டியைக் கண்ணுக்கு நேராக ஸ்டூல் மேல் வைத்தபோது ஸ்பீக்கரின் நடுமுனை நேராகக் காதில் குத்தியது. தரையில் இறக்கி, எனக்குப் பின்னால் இடப்பக்கம் ஐந்தடி தள்ளி வைத்தேன், குத்தல் போய்விட்டது. பக்கத்தில் வைத்தால் இன்னொரு தொல்லை: சாம்பியனின் ஒற்றைச் சுருள் பிக்கப், ஆம்பின் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் விடும் 60 ஹெர்ட்ஸை வாங்கிக்கொள்ளும். நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தால் ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கும். என் அறையில் அது சன்னலைப் பார்த்த திசை. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சோதனையை மறுபடி செய்தேன். ஒற்றைக் கம்பி 12 விநாடி. இழைப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. நாலு கம்பி நாண், வால்யூம் 4இல், ஜியும் ஏயும் பக்கத்துப் பக்கத்தில் நின்று தனித்தனியாகக் கேட்கின்றன. 5க்கு மேல் போனால் உறுமல் மெல்ல எட்டிப் பார்க்கிறது. என் அறைக்கு நான்கே அதிகம். டிரெபிள் 4, பேஸ் 3, ரிவெர்ப் 2.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை வீடியோவில் கூப்பிட்டேன். வாசித்துக் காட்டலாம் என்று கட்டையை எடுத்தேன்.

"இரு மாப்ள. வாசிக்காத. வால்யூம வச்சுட்டுக் கைய எடு. போனக் கொண்டுபோய் ஸ்பீக்கர்கிட்ட வை."

வைத்தேன். ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

"ம். ஃபில்டர் நல்லா இருக்கு. இப்ப வாசி."

சத்தத்தை அலை போல ஏற்றி இறக்கும் டிரெமோலோ இன்னும் வேலை செய்யவில்லை. பல்பும் ஃபோட்டோசெல்லும் ஒட்டி வைத்த அந்தச் சின்னக் குழல் செத்திருக்க வேண்டும், புதியது ஆர்டர் போட்டிருக்கிறேன். 5எஃப்1 கிட்டை நண்பர் என்னிடமே விட்டுவைத்திருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் கம்பிகளை ஓப்பன் ஏவுக்கு மாற்றி அதில் வாசிக்கிறேன். அலமாரியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. சேசிஸில் அதற்கு இடம் போதாது. அடுத்த வாரம் பெட்டியின் அடிப்பலகையில் துளை போட்டுப் பொருத்தலாம் என்று மாமாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.